பெருந்தொற்றுக் காலத்துக்கு ஒரு மாநகராட்சி தன் தொழில்நுட்பத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி?

2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் கீழ் இந்தியாவில் 100 நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி, தூத்துக்குடி, தஞ்சாவூர், வேலூர், திருப்பூர், ஈரோடு ஆகிய 11 நகரங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்நகரங்களில் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையங்கள் தெருவிளக்கு, குப்பை வண்டி, போக்குவரத்துக் கேமரா ஆகியவற்றைக் கண்காணிப்பதற்கென்று உருவானவை. 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்று வந்தபோது, பெங்களூரு, புனே, சூரத், ஆக்ரா போன்ற நகரங்களில் இதே மையங்களையும் அவற்றின் திரைகளையும் கொண்டு கொரோனா கட்டுப்பாட்டு அறைகள் அவசர அவசரமாக அமைக்கப்பட்டன. அந்த அவசரத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். அடுத்த தொற்று வரும் முன்பே ஒரு மாநகராட்சி செய்து முடிக்க வேண்டிய வேலைகளை, நகர்நல அலுவலர், மாமன்ற உறுப்பினர், கட்டுப்பாட்டு மையத்தின் பொறியாளர் ஆகியோருக்காகவும், இவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமையுள்ள குடிமக்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், ஒரு நோயாளியின் பாதையில் எங்கெங்கே எத்தனை மணி நேரம் வீணாகிறது என்பதை அளக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நேரம், சளி மாதிரி எடுக்கப்பட்ட நேரம், ஆய்வகத்தில் முடிவு வந்த நேரம், அந்த முடிவு மாநகராட்சிக்குத் தெரிந்த நேரம், யாரேனும் ஒருவர் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்த நேரம், தேவைப்பட்டால் படுக்கை கிடைத்த நேரம் ஆகிய ஆறு நேரங்களும் ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவாக வேண்டும். கொரோனா தொற்று உள்ள ஒருவர், அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்பிருந்தே மற்றவருக்கு நோயைப் பரப்பக் கூடியவராக இருந்தார். ஆகவே அவர் பரிசோதனைக்கு வரும்போதே நகரம் இரண்டு நாட்கள் பின்தங்கியிருந்தது. அதற்குமேல் அலுவலக நடைமுறையில் கழியும் ஒவ்வொரு நாளும் இன்னொரு வீட்டுக்கு நோய் செல்வதற்கான அவகாசமாக மாறியது.

இந்த ஆறு நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், பெரும்பாலான நகரங்களில் தாமதம் பரிசோதனைக் கருவியில் இருப்பதில்லை. முடிவு வந்த பின் அது சரியான மனிதரின் மேசைக்கு வந்து சேரும் இடைவெளியில்தான் இருக்கிறது. தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் முதல் ரூபாய் அந்த இடைவெளிக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிறுவனம் ஏதேனும் ஒரு செயலியையோ கருவியையோ விற்க வந்தால், இந்த ஆறில் எந்த இடைவெளியை, எத்தனை மணி நேரம் அது குறைக்கும் என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத பொருளுக்கு அவசரக் காலத்தில் இடம் கொடுக்க வேண்டாம்.

ஆய்வக முடிவு வட்ட (வார்டு) அலுவலகத்தை அடையும் வழி

இதற்கு இந்தியாவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு மும்பை. 2020 கோடையில் அங்கே படுக்கை தேடுவோர் எல்லோரும் 1916 என்ற ஒரே உதவி எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்கள், அது தாங்கவில்லை. அதன்பின் மாநகராட்சி தன் 24 நிர்வாக வார்டுகளிலும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறைகளை அமைத்தது. ஆய்வகங்களின் முடிவுகள் மாநகராட்சியில் ஒன்றாகத் திரட்டப்பட்டு, வார்டுவாரியாகப் பிரிக்கப்பட்டு, காலையில் அந்தந்த வார்டு அறைக்குச் சென்றன. அங்கிருந்த ஊழியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளை அழைத்து, வீட்டில் இருக்கலாமா, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்று முடிவு செய்தார்கள். இந்த ஏற்பாட்டில் அரிய மென்பொருள் எதுவும் இல்லை. பெரிய பட்டியலைச் சிறு பட்டியல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் ஒருவரை நியமித்ததில்தான் அதன் பலன் இருந்தது. தொடக்கத்தில் முடிவு நோயாளிக்கே தரப்படாமல் மாநகராட்சிக்கு மட்டும் அனுப்பப்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. முடிவு நோயாளிக்கும் வட்ட அலுவலகத்துக்கும் ஒரே நொடியில் செல்லும்படி அமைப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது.

உங்கள் நகரில் இதைச் செய்ய, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா ஆய்வகங்களும் ஒரே படிவத்தில், ஒரே வரிசையில், ஒரே இணைய வழியில் முடிவுகளை அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஆணை பிறப்பித்து வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒவ்வொரு மாதிரிக்கும் எஸ்ஆர்எஃப் எண் என்ற தனி எண்ணை வைத்திருந்தது. அத்தகைய ஓர் எண் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாமல் தொடர்ந்தால்தான், ஒரே மனிதர் மூன்று பட்டியல்களில் மூன்று பேராக எண்ணப்படாமல் இருப்பார். தொற்று இல்லை என்று முடிவு வந்த பரிசோதனைகளையும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று தெரியாமல், தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நோய் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல இயலாது.

பட்டியலைக் கையாளும் மென்பொருளின் கொள்ளளவையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 தொற்றாளர்களின் விவரங்கள் தேசியக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்குமேல் ஏற்காது என்பதுதான் காரணம். மிஞ்சிய வரிசைகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கைவிடப்பட்டன. அந்த மனிதர்களுக்குத் தங்கள் பரிசோதனை முடிவு தெரிந்திருந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி பல நாட்கள் தாமதமானது. இத்தனை செல்வமும் வல்லுநர்களும் உள்ள நாட்டிலேயே இது நடந்தது என்பதால், நம் மாநகராட்சிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு லட்சம் போலிப் பதிவுகளை உள்ளே செலுத்தி, மறுமுனையில் அத்தனையும் வெளிவருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது அவசியம்.

முகவரி என்னும் பெரிய சிக்கல்

வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டுவது எளிது. அந்தப் புள்ளி சரியான வீட்டின்மேல் விழுகிறதா என்பதே கடினம். சென்னையில் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவு எண்கள் ஒரே வீட்டுக்கு உண்டு. ஒரே பெயரில் பல தெருக்கள் உண்டு. வாடகைக்கு இருப்பவர் ஆதார் அட்டையில் உள்ள ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் வசிப்பதும் உண்டு. பரிசோதனை முகாமில் வரிசையில் நிற்கும்போது அவசரமாகச் சொல்லப்பட்ட முகவரியை, மறுநாள் களப்பணியாளர் தேடிக்கொண்டு தெருத்தெருவாக அலைவதில் கழியும் நேரத்தை எந்தச் செயற்கை நுண்ணறிவும் மீட்டுத் தராது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைப் பயன்படுத்துவது. சொத்து வரி விதிப்பு எண் மாநகராட்சியிடம் உண்டு, ஆனால் குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. மின் இணைப்பு எண் கட்டண அட்டையிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இருப்பதால் வாடகைதாரருக்கும் தெரியும். இந்த இரண்டையும் அமைதிக் காலத்திலேயே பொருத்தி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளியை இட்டு வைத்துவிட்டால், முகாமில் எண்ணைச் சொன்னவுடன் இடம் தெரிந்துவிடும். மின் இணைப்பு இல்லாத குடிசைகளுக்கும், நடைபாதையில் வசிப்போருக்கும், கட்டுமானத் தளங்களில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அருகிலுள்ள அங்கன்வாடி, பொதுக் கழிப்பிடம், தெரு முனை ஆகியவற்றை அடையாளமாகக் கொண்ட தனிக் குறியீடுகளை வட்ட அலுவலகமே உருவாக்க வேண்டும். நோய் முதலில் கடுமையாகத் தாக்குவதும், பட்டியலில் கடைசியாகச் சேருவதும் இவர்களையே என்பதால் இந்த வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைக்கக் கூடாது.

வீடு வீடாகச் செல்பவர் கையில் என்ன இருக்க வேண்டும்

2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியது. அதன் தொடர்ச்சியாகப் பெருநகரச் சென்னை மாநகராட்சி, 15 மண்டலங்களில் அடங்கிய 200 வட்டங்களிலும் பல்லாயிரம் களப்பணியாளர்களைக் கொண்டு வீடுதோறும் காய்ச்சல் கணக்கெடுப்பு நடத்தியது. தெருவோரங்களில் காய்ச்சல் முகாம்களை நாள்தோறும் அமைத்தது. நோய் தன்னைத் தேடி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், நகரமே நோயைத் தேடிச் சென்ற முறை அது. மும்பையின் தாராவியிலும் இதுவே நடந்தது. ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் நெருக்கி வாழும், தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் அந்தப் பகுதியில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று கண்டறியப்பட்டது. வீட்டுக்குள் தனிமைப்படுத்திக்கொள்ள இடமே இல்லாத அங்கே, பள்ளிகளும் மண்டபங்களும் தனிமை மையங்களாயின. மருத்துவக் குழுக்கள் வெப்பமானியும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் எடுத்துக்கொண்டு சந்து சந்தாகச் சென்றன.

களப்பணியாளருக்குக் கொடுக்கும் கைப்பேசிச் செயலி, கைகளில் உறையும் முகத்தில் கவசமும் அணிந்து வெயிலில் நிற்கும் ஒருவரால் ஒரு வீட்டுக்கு அரை நிமிடத்தில் நிரப்பக் கூடியதாக இருக்க வேண்டும். காய்ச்சல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, அறுபது வயதைக் கடந்தவர் உண்டா, சர்க்கரை நோய் போன்ற வேறு நோய் உண்டா, ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு என்ற ஐந்து கேள்விகள் போதும். திரை தமிழில் இருக்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாதபோதும் பதிவை ஏற்றுக்கொண்டு, இணைப்பு கிடைத்தவுடன் தானாக அனுப்ப வேண்டும். ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே பதிவானால், அந்தப் பணியாளர் வேறெதுவும் செய்யாமலே வட்ட மருத்துவருக்கு அழைப்பு செல்லும்படி அமைக்க வேண்டும். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அந்தச் செயலியை உருவாக்கினாலும் தகும். பதிவு செய்யும் பணியாளருக்குக் கைப்பேசி, தரவுக் கட்டணம், பாதுகாப்பு உடை, காலத்தில் ஊதியம் ஆகியவற்றை உறுதி செய்யாமல் அவர்களிடம் துல்லியமான தரவை எதிர்பார்ப்பது அநீதி.

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தர சென்னை மாநகராட்சி தன்னார்வலர்களை நியமித்தது. கண்காணிப்புச் செயலிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. அன்றாடக் கூலியில் வாழும் ஒருவரைப் பதினான்கு நாட்கள் வீட்டில் இருக்கச் சொல்லும் நகரம், அவருக்குச் சோறு வந்து சேர்கிறதா என்பதையும் அதே திரையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டால் தவிர அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அத்தகைய ஒட்டுத்தாள்களுக்கு அஞ்சியே பலர் பரிசோதனையைத் தவிர்த்தார்கள்.

உடன் இருந்தவர்களைக் கண்டறிதல்

சீர்மிகு நகரத்துக்கெனச் செய்யப்பட்ட தொழில்நுட்பம் நேரடியாக நோய்த் தடுப்புக்குத் திருப்பப்பட்டதற்குத் தென் கொரியாவே முதன்மையான சான்று. நகரங்களின் போக்குவரத்து, ஆற்றல் போன்ற தரவுகளை ஒன்றுசேர்ப்பதற்காக உருவாக்கப்பட்டுவந்த தரவு மையத்தின் அடிப்படையில், 2020 மார்ச் 26 அன்று தொற்றுநோய் ஆய்வு உதவி அமைப்பு என்ற ஒன்றை அந்நாடு இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. மூன்று கைப்பேசி நிறுவனங்களும் 22 கடன் அட்டை நிறுவனங்களும் அதில் இணைக்கப்பட்டன. தொற்று உறுதியான ஒருவர் சென்றுவந்த இடங்களை அறிய முன்பு ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கடிதம் எழுதிக் காத்திருந்தார்கள். ஒரு நாளுக்குமேல் பிடித்த அந்த வேலை பத்து நிமிடங்களுக்குள் முடிந்தது என்று கொரிய அரசு அறிவித்தது. இதற்கான சட்ட அதிகாரம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் மெர்ஸ் நோய் 186 பேரைத் தாக்கி 38 பேரைப் பலிகொண்ட பிறகு, தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, எந்தத் தரவை, யார், எப்போது கேட்கலாம் என்று அந்நாடு முன்பே வகுத்திருந்தது. அவசரத்தின் நடுவே சட்டமில்லாமல் தரவு திரட்டிய நகரங்களுக்கு இந்த அடித்தளம் இல்லை.

ஆயினும் அதே கொரியாவில் தொடக்கத்தில் நோயாளிகள் சென்ற இடங்கள், நேரம், வயது, பாலினம் ஆகியவை பொதுவெளியில் வெளியிடப்பட்டதால், பெயர் இல்லாமலே அவர்களைப் பிறர் அடையாளம் கண்டு தூற்றினார்கள். தேவைக்கு மிஞ்சிய விவரங்கள் வெளியிடப்படுவதை 2020 மார்ச் மாதத்தில் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் கண்டித்தது, விதிகளும் திருத்தப்பட்டன. 2020 மே மாதத்தில் சியோலின் இதேவான் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியபோது, அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களின் பதிவுகளைக் கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டார்கள். ஆனால் அந்த விடுதிகளில் சில ஒருபால் ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள் என்பதால், வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் முன்வரவில்லை. அப்போது சியோல் நகர நிர்வாகம் பெயர் கேட்காமல் தொலைபேசி எண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு பரிசோதிக்கத் தொடங்கியது, மக்கள் வந்தார்கள். கோபுரப் பதிவு அவர்களின் எண்களைக் கொடுத்தது. அவர்களை முகாமுக்கு அழைத்துவந்தது பெயர் கேட்காத அந்த முடிவு.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 2020 மார்ச் 20 அன்று வெளியான டிரேஸ்டுகெதர் செயலி, அருகருகே இருந்த கைப்பேசிகளைப் புளூடூத் மூலம் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை 25 நாட்களுக்குப் பின் அழித்துவிடும் வகையில் அமைந்தது. கைப்பேசி இல்லாத முதியோருக்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்றும் தரப்பட்டது, அது மிகவும் பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் நோய்த் தடுப்புக்கு மட்டுமே என்று சொல்லித் திரட்டிய தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டு, பலத்த அதிருப்தி எழுந்த பின், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரையறுக்க வேண்டியதாயிற்று. உங்கள் மாநகராட்சி எந்தத் தரவைத் திரட்டினாலும், காவல்துறைக்கு அது கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதல் நாளிலேயே, எளிய தமிழில், எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

நம் நகரங்களின் நெரிசலில் புளூடூத் செயலி ஒன்றையே நம்புவது எனக்கு உடன்பாடில்லை. சுவருக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டாரின் கைப்பேசியையும் அது நெருங்கிப் பழகியவராகக் குறித்துக்கொள்ளும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணை அது அறியவே அறியாது. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையாக, மரியாதையாகப் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசி, கடந்த நாட்களில் யார் யாருடன் சாப்பிட்டீர்கள், எந்தப் பேருந்தில் சென்றீர்கள், துக்க வீட்டுக்கோ திருமணத்துக்கோ போனீர்களா என்று கேட்டுப் பெறும் விடைகளே இங்கு முதன்மையான தரவு. அந்த உரையாடலை எழுதிக்கொள்ளவும், மறுநாள் மீண்டும் அழைக்க நினைவூட்டவும் நல்ல மென்பொருள் கொடுங்கள்.

படுக்கையும் ஆக்ஸிஜனும்

2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளுடன் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்திருந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காலி படுக்கைகளைக் காட்டும் இணையதளம் தமிழ்நாட்டில் இருந்தது. அதே மாதத்தில் மாநில அளவில் ஒருங்கிணைந்த கட்டளை மையமும் 104 உதவி எண்ணின் துணையுடன் படுக்கை ஒதுக்கீட்டில் இறங்கியது. காலி இடத்தைக் காட்டுவதும் அதை ஒதுக்கித் தருவதும் வெவ்வேறு வேலைகள். இணையதளத்தில் காலியெனத் தெரியும் ஒரு படுக்கையை நோக்கி ஒரே நேரத்தில் இருபது குடும்பங்கள் புறப்பட்டால், பத்தொன்பது குடும்பங்கள் வழியிலேயே நேரத்தை இழக்கும்.

ஆகவே ரயில் இருக்கை முன்பதிவைப் போல, கட்டுப்பாட்டு அறை ஒரு படுக்கையை ஒரு நோயாளியின் பெயரில் குறித்தவுடன் அது பட்டியலிலிருந்து நீங்கி, குறித்த நேரத்துக்குள் அவர் வந்து சேராவிட்டால் மீண்டும் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். சாதாரணப் படுக்கை, ஆக்ஸிஜன் படுக்கை, தீவிர சிகிச்சைப் படுக்கை, செயற்கைச் சுவாசக் கருவியுடன் கூடிய படுக்கை என நான்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் தெரிய வேண்டும், ஆறு மணி நேரத்துக்குமேல் பழையதாகிவிட்ட எண் மங்கலாகக் காட்டப்பட வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெயர் குறிப்பிட்ட ஒருவரிடம், மூன்று வேளைப் பணிமுறையிலும், இருக்க வேண்டும்; நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் தலையில் இந்த வேலையையும் சுமத்துவதால்தான் எண்கள் பொய்யாகின்றன. யார் எந்தப் படுக்கையை யாருக்கு எப்போது ஒதுக்கினார்கள் என்ற பதிவை எவராலும் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். 2021 மே மாதத்தில் பெங்களூருவில் படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு என்று புகார் எழுந்து காவல்துறை விசாரணைவரை சென்றது. அத்தகைய பதிவு இருந்தால் தவறு செய்தவரும் பிடிபடுவார், தவறு செய்யாத ஊழியர்மீது வீண்பழியும் விழாது.

ஆக்ஸிஜனுக்கு எளிய ஏற்பாடு போதும். திரவ ஆக்ஸிஜன் தொட்டியின் அழுத்தத்தையும் அளவையும் உணரும் கருவியிலிருந்து எண்ணைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பி, இப்போதைய பயன்பாட்டு வேகத்தில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று காட்டினால், லாரி எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். 2021 ஏப்ரலில் மும்பையில் ஆறு மாநகராட்சி மருத்துவமனைகளில் ஆக்ஸிஜன் குறைந்தபோது, 150க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஒரே இரவில் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். குறைகிறது என்பது முன்னதாகத் தெரிந்ததாலும், எங்கே இடம் இருக்கிறது என்பது ஒரே அறையில் தெரிந்ததாலும் அது முடிந்தது.

சாக்கடை சொல்லும் செய்தி

நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில், முதல் நோயாளி அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே, 2020 மார்ச் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கழிவுநீரில் வைரஸின் மரபணுக்கூறு கண்டறியப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதியின் கழிவுநீரில் அறிகுறி தென்பட, அங்கிருந்த 311 பேரையும் பரிசோதித்தபோது, எந்த அறிகுறியும் இல்லாத இரண்டு மாணவர்களுக்குத் தொற்று இருந்தது. தொற்றுற்றவர்கள் அறிகுறி தோன்றும் முன்பே மலத்தில் வைரஸின் கூறுகளை வெளியேற்றுவதால், மருத்துவமனைக் கணக்குக்கு முன்னரே சாக்கடை பேசிவிடுகிறது. எவருடைய பெயரும் எண்ணும் இதில் இல்லை. பரிசோதனைக்கு வரத் தயங்குபவரும் இதில் கணக்கில் வருகிறார். என் பார்வையில், செலவுக்கு ஏற்ற பயன் தரும் கண்காணிப்பு முறைகளில் இது முதலிடத்தில் நிற்கிறது.

இதற்குக் கழிவுநீர் உந்து நிலையங்களின் பட்டியலும், எந்தெந்தத் தெருக்களின் கழிவு எந்த நிலையத்துக்கு வருகிறது என்ற வரைபடமும் தேவை. வாரம் இருமுறை, ஒரே நேரத்தில் மாதிரி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றுடன் முன்பே செய்த ஒப்பந்தப்படி அனுப்ப வேண்டும். மழை நாளில் நீர் கலந்து அளவு நீர்த்துவிடும் என்பதால், அன்றைய நீரோட்ட அளவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பாதாள சாக்கடை இல்லாத பகுதிகளில் கழிவுநீர் லாரிகள் இறக்கும் இடத்தில் மாதிரி எடுக்கலாம். மாதிரி எடுப்பதற்காக எந்த மனிதரையும் ஆள்நுழைவுக் குழிக்குள் இறக்கக் கூடாது. உந்து நிலையத்தில் கயிற்றில் கட்டிய கலமோ தானியங்கிக் கருவியோ போதும்.

ட்ரோன் கொண்டு கிருமிநாசினி தெளிப்பது, நுழைவாயிலில் வெப்பக் கேமரா பொருத்துவது, முகக்கவசம் அணியாதவரைக் கேமராவில் கண்டறிவது ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அறிகுறியற்றவரை வெப்பக் கேமரா காணாது. காற்றின் வழியே பரவும் நோய்க்குத் தெருவில் மருந்து தெளிப்பதால் பயனில்லை.

கைப்பேசி இல்லாதவர்களுக்கான வழி

தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கி, பின்னர் 18 முதல் 44 வயதுள்ளோருக்கு விரிவாக்கப்பட்டபோது, கோவின் தளத்தில் இணையவழிப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. இணையமும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் அடுத்த மாவட்டத்துக்கே சென்று ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த மாவட்டத்தின் கூலித் தொழிலாளி காத்திருந்தார். உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது, மே மாத இறுதியில் நேரில் வந்து பதிவு செய்ய அனுமதி கிடைத்தது. உங்கள் நகரில் எந்தச் சேவையை இணையத்தில் திறந்தாலும், அதே நாளில் அதே சேவை ஒரு தொலைபேசி எண்ணிலும், நியாயவிலைக் கடை அல்லது வட்ட அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். எத்தனை பேர் எந்த வழியில் வந்தார்கள் என்பதைக் குடியிருப்புப் பகுதிவாரியாகக் கணக்கிட்டுப் பார்த்தால், யார் விடுபடுகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் தெரியும்.

ஒப்பந்தமும் அழிப்பு நாளும்

கேரளத்தில் 2020 ஏப்ரலில், நோயாளிகளின் தரவைக் கையாள ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்துடன் செய்த ஏற்பாடு உயர் நீதிமன்றம் சென்றது. அடையாளங்களை நீக்கிய பிறகே தரவை நிறுவனத்துக்குத் தர வேண்டும், மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இத்தகைய ஒப்பந்தத்தை நோய் வரும் முன்பே, டெண்டர் விதிகளுக்கு உட்பட்டு, மாமன்றத்தில் வைத்து முடித்துக்கொள்வது நல்லது. தரவு மாநகராட்சிக்கே உரியது, நிறுவனத்துக்கு வேறு பயன்பாட்டு உரிமை கிடையாது, ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாப் பதிவுகளும் திறந்த வடிவத்தில் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற மூன்று விதிகள் அதில் இருக்க வேண்டும். ஆரோக்கிய சேது செயலிக்காக 2020 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, திரட்டிய தரவை 180 நாட்களுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்றது. உங்கள் அமைப்பிலும் அதுபோன்ற ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் தரவு அழிக்கப்பட்டதா என்று மாமன்றத்தில் அறிக்கை வைக்கச் செய்யுங்கள்.

ஆண்டுதோறும் இயக்கிப் பார்ப்பது

இவ்வளவையும் செய்து பூட்டி வைத்தால், தேவைப்படும் நாளில் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. வடகிழக்குப் பருவமழையோடு தமிழகத்தில் டெங்கு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே அமைப்பை டெங்குக்காக இயக்குங்கள். ஆய்வக முடிவு அதே வழியில் வட்ட அலுவலகத்துக்கு வரட்டும். அதே செயலியில் கொசு ஒழிப்புப் பணியாளர் நீர்த் தொட்டிகளைப் பதிவு செய்யட்டும். அதே படுக்கைப் பட்டியல் அரசு மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவுக்குப் பயன்படட்டும். ஜனவரியில் அந்த ஆறு நேரங்களையும் எடுத்து, வட்டம் வட்டமாக, சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு, மாநகராட்சியின் அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிடுங்கள். எந்த வட்டத்தில் முடிவு வந்து அழைப்பு செல்ல 24 மணி நேரத்துக்குமேல் ஆகிறதோ, அந்த வட்டத்துக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதலில் ஆள் நியமியுங்கள்.